படகு ஷாஃப்டில் அரிப்பு: லேத்துக்கு வருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

மதுரைக்காரர்களுக்குப் படகு என்றால் தெப்பக்குளத்துத் தெப்பம்தான். அதையும் வடம் பிடித்துத்தான் இழுக்கிறோம். ஆனாலும் மண்டபம், தொண்டிப் பக்கத்துப் படகு ஷாஃப்டுகள், அதாவது இன்ஜினிலிருந்து போய்ப் புரொப்பெல்லரைச் சுற்றும் ராடுகள், எங்கள் லேத்துக்கு வருவதுண்டு. விசைப்படகோ, பாய்மரப் படகின் துணை இன்ஜினோ, அரித்திருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: புஷ்ஷுக்குள்ளும் (ஷாஃப்டைத் தாங்கும் குழல்) கிளாண்டுக்கு அடியிலும் (படகுக்குள் தண்ணீர் வராமல் கயிறு திணித்து அடைக்கும் இடம்). கண்ணுக்குத் தெரியும் பகுதி பளபளவென்று இருக்கும்.

அந்தப் பளபளப்பை நம்பித்தான், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) துருப்பிடிக்காது என்று படகை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே போட்டுவிடுகிறார்கள். எஸ்.எஸ்ஸைக் காப்பது அதன்மேல் உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறுபட்டால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். புஷ்ஷுக்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் அந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்புறம் உப்பில் உள்ள குளோரைடு குழி பறிக்க ஆரம்பிக்கும். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றாத படகு என்றால் அவ்வப்போது ஷாஃப்டைச் சுற்றிவிடுங்கள், உள்ளே புதுத் தண்ணீர் போகும். பாயிலேயே ஓடும் படகுக்கும் இது பொருந்தும். காற்று நன்றாக அடித்தால் இன்ஜினை யார் தொடுகிறார்கள்?

அடுத்தது காந்தச் சோதனை. ஒட்டவில்லை, அதனால் கடல் தண்ணீரைக் கூடுதலாகத் தாங்கும் 316 கிரேடு எஸ்.எஸ். என்று ராடை வாங்கி வருகிறார்கள். சாதாரண 304 கிரேடும்தான் ஒட்டாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அதைக் காந்தம் காட்டாது. கிரேடைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஷாஃப்டில் மாட்டும் துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஷாஃப்டுக்குப் பதிலாக அது கரைவதற்காகவே இருப்பது. பெயிண்டும் துருவும் இல்லாத உலோகத்தை அது நேராகத் தொட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். பல மாதம் கழித்தும் புதுசாகவே இருந்தால், அது வேலை செய்யவில்லை.

கிளாண்டில் கிராஃபைட் கயிறு வேண்டாம். உப்புத் தண்ணீரில் கிராஃபைட்டோடு சேர்ந்தால் எஸ்.எஸ்தான் அரிபடும்.

"குழியில் வெல்டு வச்சுக் கடைஞ்சு குடுங்கண்ணே" என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. வெல்டிங் சூட்டில் ஓரத்தில் உள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிட்டால், அடுத்த அரிப்பு அங்கேதான்; ராடும் வளையும். ஆழமான குழி என்றால் ராடை மாற்றுவதே சரி.

ஷாஃப்டைக் கழற்றும்போது புரொப்பெல்லரையும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு மிஞ்சியிருக்கிறது. தட்டினால் கணீரென்று கேட்காது.