கைவிடப்பட்ட ஃபெரெட் கைக்கு வந்தால்

நான் இருப்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பக்கம். இங்கே ஃபெரெட் என்ற, பார்க்கக் கீரி மாதிரி இருக்கும் சின்னப் பிராணியை வளர்ப்பது நேற்று வந்த பழக்கமில்லை. முயல் வளைக்குள் ஃபெரெட்டை விட்டு, மிரண்டு ஓடிவரும் முயலை வளை வாயில் வலை போட்டுப் பிடிப்பார்கள். உள்ளே போன ஃபெரெட் சில நேரம் திரும்பி வராது. பொழுது சாய்ந்ததும் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். இன்னொரு பக்கம், குட்டியாக இருக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, நாற்றம் தாங்கவில்லை, கடிக்கிறது என்று கூண்டோடு ரோட்டோரம் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இப்படி வருகிறவற்றை இங்குள்ள ஒரு சின்ன மீட்பு அமைப்புக்காக வீட்டுப் பின்னறையில் வைத்துத் தேற்றுகிறேன். "அக்கா, தோட்டத்தில் கீரிப்பிள்ளை மாதிரி ஒன்று நிற்கிறது" என்று நம் ஆட்களிடமிருந்தும் போன் வரும். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கீரிக்கும் இதற்கும் உறவில்லை. இது நீர்நாயின் குடும்பம். போல்கேட் என்ற காட்டு விலங்கை 2,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் வீட்டில் வைத்துப் பழக்கியதால் வந்த பிராணி. அதனால் தெருவில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை சில நாளிலேயே பசியில் வாடிவிடும். காட்டுப் போல்கேட் ஆளைக் கண்டால் ஓடிவிடும். அது சட்டப் பாதுகாப்பு உள்ள விலங்கு, அதைப் பிடிக்கக் கூடாது. ஃபெரெட்டோ உங்கள் காலை நோக்கி நடந்து வரும். தோட்டத்தில் நிற்கும் ஒன்று உங்கள் செருப்பை முகர்ந்து பார்த்தால், அது யாரோ வளர்த்தது.

பிடிப்பதற்குத் துரத்தாதீர்கள். பூனை கொண்டுபோகும் கூடையைத் தரையில் வைத்து, உள்ளே ஒரு பழைய துண்டும் சூடாக்கிய பூனை உணவு கொஞ்சமும் வையுங்கள். இருட்டான குறுகலான இடம் என்றால் தானாகவே நுழையும். தூக்கியே ஆகவேண்டும் என்றால் தடித்த துண்டைப் போர்த்தி, முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு கையும் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்குங்கள். அப்புறம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மைக்ரோசிப் (வளர்த்தவரைக் கண்டுபிடிக்க உதவும், தோலுக்கடியில் வைத்த சின்னச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பல இடங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. கண்டெடுத்த செய்தியை நாலு இடத்தில் சொல்லுங்கள், ஆனால் நிறம், ஆணா பெண்ணா, அடையாளம் இவற்றை வெளியே விடாதீர்கள். தேடி வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

முதல் இரவு

நெஞ்செலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்து வந்த பிராணியைப் பார்த்ததும் தட்டு நிறைய இறைச்சி வைக்கத் தோன்றும். வேண்டாம். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் சாப்பாடு. துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையைப் படுக்கையின் ஒரு பாதிக்கு மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். பிடரித் தோலை லேசாகக் கிள்ளி விடுங்கள். அது மெதுவாகத்தான் படிகிறது, ஈறும் பிசுபிசுக்கிறது என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். நினைவு மங்கிக் கிடக்கும் பிராணியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பின்னங்கால் துவண்டு, வெறித்த பார்வையோடு, எச்சில் வடியக் கிடந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈறில் ஒரு துளி தேன் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. குடல் குட்டை, தின்றது 3 அல்லது 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஹில்ஸ் ஏ/டி போன்ற, நோயுற்ற பூனை நாய்களுக்கான குழைந்த உணவை வெந்நீரில் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சில ஸ்பூன் கொடுப்பேன். இரவில் அலாரம் வைத்து எழவேண்டியிருக்கும். பாலும் ரொட்டியும் இங்கே பழைய ஆட்கள் கொடுப்பது. அது வயிற்றைப் போக்கும், வேறொன்றும் செய்யாது. சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பெண் பெரும்பாலும் 600 முதல் 900 கிராம், ஆண் ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை. மெலிந்த பிராணி தேறுகிறதா என்று கண்ணை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே இதற்கு விஷம்.

இன்னொன்று, பயந்துவிடாதீர்கள்: ஃபெரெட் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். சில சமயம் தூக்கிக் குலுக்கினாலும் கண் திறக்காது. உடம்பு சூடாக, மூச்சு சீராக இருந்தால் விட்டுவிடுங்கள், எழும்.

பெண் என்றால் வாலுக்கு அடியில் பாருங்கள்

எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் ஃபெரெட்டுக்குக் கலவி நடந்தால்தான் கருமுட்டை வெளிவரும். ஆணோடு சேராவிட்டால், மார்ச் வாக்கில் வரும் இனச்சேர்க்கைப் பருவம் செப்டம்பர் வரை அடங்காமலே இருக்கும். அத்தனை மாதமும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். ரத்தம் ஊறாது. கவனிப்பாரில்லாமல் கொட்டகையில் கிடந்த பெண் ஃபெரெட்டுகள் இப்படித்தான் சத்தமில்லாமல் சாகின்றன.

மிளகு என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு பெண் ஜூலையில் வந்தாள். தோட்டக் கொட்டகையில் தனியாக விட்டுவிட்டு வீடு மாறிப் போயிருந்தார்கள். "சோம்பேறி, விளையாட மாட்டாள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். புரட்டிப் பார்த்தால் பிறப்புறுப்பு ஊறிய கொண்டைக்கடலை போல வீங்கி ஈரமாக இருந்தது. வால் அடியிலும் இடுப்பிலும் முடி உதிர்ந்து, உதட்டை விலக்கினால் ஈறு வெளிறி, அடிவயிற்றுத் தோலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் தோலுக்கடியில் ரத்தம் கசிவதன் அடையாளம். அதைப் பார்த்தால் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பருவத்தை நிறுத்தும் ஊசி போட்டு, ரத்தம் ஏற்றினார். இதில் ஒரு நல்ல விஷயம், ஃபெரெட்டில் ரத்த வகை என்று எதுவும் கண்டறியப்படவில்லை. ஆரோக்கியமான எந்த ஃபெரெட்டும் கொடுக்கலாம். அமைப்பில் இருந்த கொழுத்த ஆண் ஒன்றுதான் கொடுத்தது. மிளகு பிழைத்தாள். இன்னும் சில வாரம் போயிருந்தால் எந்த ரத்தமும் உதவியிருக்காது.

தேறியபின் மறுபடி பருவம் வராமலிருக்க, தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லொரெலின் என்ற ஹார்மோன் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சினைப்பைகளையும் கர்ப்பப்பையையும் எடுக்கும் ஆபரேஷனும் உண்டு, ஆனால் ஆபரேஷன் செய்த ஃபெரெட்டுகளில் பிற்காலத்தில் அட்ரினல் சுரப்பி நோய் வருவதைப் பார்க்கிறோம். அதனால் என் ஓட்டு டெஸ்லொரெலினுக்குத்தான். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கினாலும், வாலிலிருந்து முடி உதிர ஆரம்பித்தாலும் அட்ரினலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மற்றபடி டாக்டரிடம் பார்க்கச் சொல்ல வேண்டியவை: காதில் கரும்பழுப்பு அழுக்கு நிறைய இருந்தால் காதுப்பூச்சி, முயல் வளையில் கிடந்ததென்றால் உண்ணி, பிறகு பல்லில் காரை. பூச்சி மருந்தை டாக்டர் தருவார். கடையில் விற்கும் நாய் மருந்தை முதுகில் ஊற்றாதீர்கள்.

இரண்டு வாரம் தனியறை. இது கட்டாயம். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைப்பதில்லை. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுதல், தாடையில் சொறி, பாதம் தடித்துப் போவது இதெல்லாம் அறிகுறி. முதலில் உங்கள் வீட்டுப் பிராணிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புது வரவிடம் போங்கள், மேலே போட்டிருக்கும் சட்டையை அந்த அறையிலேயே கழற்றி வையுங்கள். தேறியபின் தடுப்பூசி. உங்களுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் வேறு யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். மனிதக் காய்ச்சல் ஃபெரெட்டுக்கு அப்படியே ஒட்டும். 1933இல் லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே நோயாளிகளின் தொண்டை நீரை ஃபெரெட்டுகளுக்குக் கொடுத்துத்தான்.

கடிக்கிற ஃபெரெட்

"இது பொல்லாதது" என்று சொல்லிக் கொண்டுவந்து விடப்படும் பிராணிகளில் அநேகமாக எல்லாமே பசியாலோ வலியாலோ பயத்தாலோ கடிப்பவை. அதனால்தான் உடம்பு தேறும்வரை பழக்க முயல்வதில்லை. தூர நின்று இறைச்சியை எறிந்தே வளர்க்கப்பட்ட ஒரு பெரிய ஆண் வந்தான். கை தெரிந்தாலே அது சாப்பாடு என்று பாய்வான். அவனிடம் செய்ததைச் சொல்கிறேன். குளியல் தொட்டியைக் காயவைத்து, கம்பளம் விரித்து, உள்ளே நானும் உட்கார்ந்தேன். முதலில் நீளமான மர ஸ்பூனில் சால்மன் எண்ணெய் தடவி நக்க விட்டேன். நக்கும்போது தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தேன். ஸ்பூன் பழகியதும் சின்ன ஸ்பூன், அப்புறம் விரல் மூட்டை மடக்கிப் புறங்கையில் எண்ணெய். கையை மேலேயிருந்து கொண்டுபோகக் கூடாது. வேட்டைப் பறவை இறங்குவது அப்படித்தான். பக்கவாட்டில், தாழ்வாக, அவன் கண்ணில் படும்படி போகட்டும்.

கடித்துவிட்டால் கையை இழுக்காதீர்கள், கிழியும். பிடரித் தோலை முழுக் கையால் பிடித்து உயர்த்தினால் பெரும்பாலும் உடம்பு தளர்ந்து, கொட்டாவி விட்டு, பிடியை விடும். விட்டதும் தரையில் இறக்கி, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். மூக்கில் சுண்டுவது, அடிப்பது எல்லாம் இங்கே பலர் சொல்லும் யோசனை. அது பயத்தை இன்னும் கூட்டும், நான் அதை ஏற்கவே மாட்டேன். தடித்த கையுறையும் ஆரம்பத்துக்கு மட்டும்தான். உங்கள் கையின் வாசனை அதற்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் முதுகை வளைத்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி, கொக்கு கொக்கு என்று சிரிப்பது போன்ற சத்தத்தோடு சுவரில் மோதிக்கொண்டு குதிக்கும். வலிப்பு என்று பயப்படாதீர்கள். அது சந்தோஷ ஆட்டம். அந்தப் பெரிய ஆண் அதை முதன்முதலாக ஆடியபோது நான் தொட்டியிலேயே அழுதுவிட்டேன்.

அனுப்பும் முன்

குட்டிக் காலத்தில் பழகிய வாசனைதான் ஃபெரெட்டுக்குச் சாப்பாடு. உலர் தீனி மட்டுமே தின்றது கோழிக்குஞ்சைப் பார்த்தால் முகம் திருப்பும். புது உணவைப் பழையதில் துளித்துளியாகக் கலந்து, வாரக்கணக்கில் மாற்றுங்கள். தேவதாரு மரச்சீவல் படுக்கை வேண்டாம், மூச்சுக்குக் கெடுதல். பழைய போர்வைத்துணி போதும். ரப்பர், ஸ்பாஞ்ச் எதுவும் எட்டக் கூடாது. விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

தனியாக இருப்பது இதற்குப் பிடிக்காது. ஜோடி சேர்க்கும்போது படுக்கைத்துணிகளை முதலில் மாற்றிப் போட்டு, இரண்டுக்கும் புதிதான இடத்தில் விடுங்கள். பிடரியைக் கவ்வி இழுப்பது வழக்கமான சண்டை. ஒன்று அலறுகிறது, பயத்தில் மலம் கழிக்கிறது என்றால் பிரித்துவிடுங்கள்.

கேட்டு வருகிற வீட்டில் நான் பார்ப்பது இரண்டு. கூண்டுக்கு வெளியே தினமும் சில மணி நேரம் விடுவார்களா, கோடையில் எங்கே வைப்பார்கள். 30 டிகிரி தாண்டினால் ஃபெரெட்டால் தாங்க முடியாது, வெயில்படும் கொட்டகை உலை ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று கேட்டால் கொடுப்பதில்லை. ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கூடையைக் கொடுப்போம்.