பழைய சென்டோஸ் முதல் புது உபுண்டு வரை: ஜாபிக்ஸ் ஏஜென்ட் ஏற மறுத்தால் எங்கே பார்ப்பது?

ஜாபிக்ஸ் என்பது சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள், ஒவ்வொரு மெஷினிலும் இருந்து அதற்குத் தகவல் தரும் சின்ன புரோகிராம்தான் ஏஜென்ட். அதை ஏற்ற ஒரே இன்ஸ்டால் ஸ்கிரிப்டை எல்லா சர்வரிலும் ஓட்டினால் பாதியில் ஏறும், மீதியில் விதவிதமாக எரர் கொட்டும். ஆகவே முதலில் இடிசி ஃபோல்டரில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன் என்று பாருங்கள். சென்டோஸ் 6-ல் அந்த ஃபைல் இருக்காது, அங்கே ரெட்ஹாட்-ரிலீஸ். இது தெரிந்த பிறகுதான் ரெப்போ, அதாவது பேக்கேஜ்கள் இறங்கும் இடத்தின் பக்கமே போக வேண்டும்.

சென்டோஸ் 7-ல் மிரர்லிஸ்ட் முகவரி கிடைக்கவில்லை என்று யம் (பேக்கேஜ் ஏற்றும் கமாண்ட்) புலம்பினால் உடனே டிஎன்எஸ் செட்டிங்கை நோண்ட ஆரம்பிக்காதீர்கள். 2024 ஜூன் 30-உடன் அதற்கான ஆதரவு முடிந்து, அந்த முகவரியையே எடுத்துவிட்டார்கள். ரெப்போ ஃபைலில் மிரர்லிஸ்ட் வரிக்கு முன்னால் ஹேஷ் போடுங்கள், பேஸ்யூஆர்எல் வரியின் ஹேஷை எடுங்கள், அதில் மிரர் என்று இருப்பதை வால்ட் என்று மாற்றி யம் கேஷைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 வேண்டும் என்று வரும் எரர். ரெட்ஹாட் 9-க்கான பேக்கேஜைப் பழைய மெஷினில் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், சென்டோஸ் 7-ல் இருப்பது 2.17 தான். தயவுசெய்து ஜிலிப்சியைக் கையால் அப்டேட் செய்யாதீர்கள், எல்எஸ் முதல் எஸ்எஸ்ஹெச் வரை எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன, அது உடைந்தால் மெஷினுக்குள் நுழையவே வழியிருக்காது. அந்த லினக்ஸ் வெர்ஷனுக்கென்று உள்ள பழைய ஏஜென்ட்டையே போடுங்கள். ஜாபிக்ஸ் சர்வர் புதிதாக இருந்தாலும் பழைய ஏஜென்ட்டோடு பேசும். ஏஜென்ட் சர்வரைவிடப் புதிதாக இருப்பதுதான் கூடாது.

ரெட்ஹாட் 9-ல் எப்பெல் என்ற கூடுதல் பேக்கேஜ் ரெப்போவும் ஜாபிக்ஸ் பேக்கேஜ் வைத்திருப்பதால் அதுவும் ஜாபிக்ஸின் சொந்த ரெப்போவும் மோதும், அதனால் எப்பெல் ஃபைலில் ஜாபிக்ஸை விலக்கி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உபுண்டுவில் ஆப்ட்-கேஷ் பாலிசி கமாண்டைத் தட்டினால் எந்த ரெப்போவிலிருந்து எந்த வெர்ஷன் வருகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, ஏறிவிட்டது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லையா? லாக்கைப் படியுங்கள். போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் பழைய ஏஜென்ட்டும் அதன் புதிய வடிவமான ஏஜென்ட் 2-ம் சேர்ந்து ஓடுகின்றன, இரண்டுக்கும் 10050 தான் போர்ட். ஒன்றை நிறுத்துங்கள். இரண்டுக்கும் கான்ஃபிக் ஃபைல் வேறு வேறு, அதைக் கவனிக்காமல் ஓடாத ஏஜென்ட்டின் ஃபைலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

ஓடுகிறது, டேட்டா வரவில்லை என்றால் ஜாபிக்ஸ் சர்வரிலிருந்து ஜாபிக்ஸ்-கெட் என்ற கமாண்ட் மூலம் ஏஜென்ட் பிங் கேளுங்கள். 1 என்று பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. டைம்அவுட் ஆனால் ஃபயர்வாலைப் பாருங்கள்: ரெட்ஹாட் வகையில் ஃபயர்வால்டி, உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, சென்டோஸ் 6-ல் ஐபிடேபிள்ஸ். கனெக்‌ஷன் நிராகரிக்கப்பட்டதாக ஏஜென்ட் லாக்கில் இருந்தால் கான்ஃபிக்கின் சர்வர் வரியில் இன்னும் 127.0.0.1 தான் இருக்கும், உங்கள் ஜாபிக்ஸ் சர்வர் ஐபியைப் போட்டு ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரூட்டாக ஓட்டினால் வேலை செய்யும் ஸ்கிரிப்ட் ஏஜென்ட் வழியாக மட்டும் அடம்பிடித்தால், அதை ஜாபிக்ஸ் யூசராக சூடோ போட்டு ஓட்டிப் பாருங்கள், பெர்மிஷன் சிக்கல் அங்கேயே தெரியும். அதிலும் ஓடிவிட்டால் செலினக்ஸ் (ரெட்ஹாட் வகையில் உள்ள கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தடுக்கிறதா என்று ஆடிட் லாக்கில் தேடுங்கள். தடுப்பது அதுதான் என்றாலும் செலினக்ஸை நிரந்தரமாக அணைக்காதீர்கள், தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

க்ளோன் செய்த விஎம்களில் ஹோஸ்ட்நேம் வரியை மறக்காமல் மாற்றுங்கள். ஏஜென்ட்டே சர்வரைத் தேடிப்போய் டேட்டா கொடுக்கும் ஆக்டிவ் செக்கில் இரண்டு மெஷின் ஒரே பெயரில் அனுப்பினால் கிராஃபில் இரண்டின் டேட்டாவும் கலந்து வரும், எரர் எதுவும் வராது.