தோற்றங்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கணினி வரைதல் பழகும் பிள்ளைகளின் படங்கள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. கோட்டின் தடிப்பு, எழுத்தின் அளவு போன்றவற்றை அவர்களே போகப்போகத் திருத்திக்கொள்வார்கள். ஒரு பொருளை முன், பக்கம் என்று வெவ்வேறு திசைகளிலிருந்து பார்த்து வரையும் தோற்றங்களைத் தாளில் சேர்க்கும்போது வரும், இரும்பை வீணாக்கும் தவறுகள் வேறு.

எறியக் கோணத்தைப் பார்க்காமல் தொடங்குவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். லான்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரம்) தண்ணீர்ப் பம்பைப் பொருத்த ஒரு தாங்கி வேண்டியிருந்தது. 6 மில்லிமீற்றர் தகடு. துளைகள் ஒரு பக்கத்தில் மட்டும். கீழ்விளிம்பு முன்னோக்கி மடிய வேண்டும். வரைந்த தம்பி அமெரிக்க முறை டெம்பிளேட்டைத் திறந்து, முன் தோற்றத்தை வைத்து, வலப்புறம் இழுத்துப் பக்கத் தோற்றத்தைச் சேர்த்தார். அளவுகளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த டெம்பிளேட் மூன்றாம் கோண எறியத்தில் (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரு முறைகளில் ஒன்று) இருந்தது. பட்டறைக்காரர் மற்ற முறையான முதற்கோணத்தில் ஊறியவர்.

மூன்றாம் கோணத்தில் வலப்புறம் நிற்பது, பொருளை வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றம். முதற்கோணத்தில் அதே இடத்தில் நிற்பது இடப்பக்கத் தோற்றம். விளிம்பு பின்னோக்கி மடிந்துவிட்டது. தாங்கியைத் திருப்பிப் பிடித்தால் துளைகள் மறுபக்கம் போயின. வெட்டிய தகடு முழுவதும் பழைய இரும்புக்குப் போனது. “அவர் கவனித்திருக்க வேண்டும்” என்றார் தம்பி. தாளில் எறியக் குறியீடே இல்லாதபோது அந்த மனிதர் எதைக் கவனிப்பது?

முதல் தோற்றத்தை வைக்கும் முன்பே கோணத்தைத் தீர்மானியுங்கள். சொலிட்வேர்க்ஸ் வரைதல் மென்பொருளில் அது தாளின் பண்புகளில் இருக்கிறது. பிறகு வெட்டுக்கூம்புக் குறியீட்டை (நுனி வெட்டிய கூம்பும் அதனருகே வட்டங்களும்) படத்தின் பெயர் விவரங்கள் எழுதும் தலைப்புக் கட்டத்தில் போடுங்கள்: வட்டங்கள் கூம்பின் அகன்ற முனையருகே நின்றால் முதற்கோணம், ஒடுங்கிய முனையருகே நின்றால் மூன்றாம் கோணம். படம் யார் கைக்குப் போகிறதோ அவரிடம் எந்த முறையில் வாசிப்பார் என்றும் கேளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

பக்கத் தோற்றத்தைத் தனிக் கோடுகளாக வரைவது

கணினியிலுள்ள முப்பரிமாண மாதிரியுருவை மாற்றினால் அந்தக் கோடுகள் மாறாது. முன் தோற்றத்திலிருந்தே எடுங்கள்.

இடம் போதவில்லை என்று தோற்றத்தை நகர்த்துவது

தாளைப் பெரிதாக்குங்கள், அல்லது அளவுத்திட்டத்தைக் குறையுங்கள். முன் தோற்றத்தின் நேரில் நில்லாத பக்கத் தோற்றத்தைப் பட்டறையில் நம்பி அளக்க முடியாது.

மறைகோடுகளைக் குவிப்பது

உள்ளே துளைக்குள் துளை இருந்தால், மறைந்த விளிம்புகளைக் காட்டும் துண்டுக் கோடுகளைக் குவிக்காமல், பொருளை வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் வெட்டுத் தோற்றம் ஒன்றைச் சேருங்கள். வெட்டுக்கோட்டின் அம்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும் சரிபாருங்கள். அவை திரும்பினால் தோற்றமும் திரும்பும்.

தேவையற்ற தோற்றங்கள்

சாதாரண உருளைத் தண்டுக்கு, விட்டக் குறியோடு ஒன்றே போதும்.