வீட்டுப் பூசைக்குக் கலசம் வைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டிலேயே கலசம் வைப்போர், முதலில் செம்பைப் புளியால் தேய்த்து, புளிப்பு சிறிதும் தங்காதவாறு அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

நூல் சுற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெள்ளை நூலின் முனையைக் கழுத்தில் முடிந்து, அடிவரை இறக்கி மறுபுறம் ஏற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் குறுக்காக விழச் செய்தால், செம்பின் வயிற்றில் சாய்சதுரக் கட்டங்கள் அமையும். இழை தளர்ந்தால் எல்லாம் வழுக்கி அடியில் சேர்ந்துவிடும்.

பின்னர் வாழையிலையில் பச்சரிசி பரப்பிச் செம்பை நிறுத்தி, முக்கால் பங்கு நீர் ஊற்றி, ஏலக்காய், கிராம்பு, மிளகளவு பச்சைக் கற்பூரம் ஆகியவற்றைச் சேர்க்கவும். தீர்த்தம் பருகுவதற்குரியது என்பதால், ஏற்றுகின்ற சூடத்தை அதில் போடவே கூடாது. கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய 7 நதிகளும் அந்நீரில் எழுந்தருள வேண்டுவது மரபு.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் மாமரம் நிற்கையில் பிளாஸ்டிக் மாவிலை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செம்பின் வாயில் செருகும் மாவிலைகளின் காம்பு நீரில் நனைய வேண்டும். அதன்மேல் வைக்கும் தேங்காய் செம்பின் வாயைவிடப் பருத்ததாகவும், குடுமி மேல்நோக்கியும் இருக்கட்டும்.

பூசை முடிந்ததும் மாவிலையால் வீடெங்கும் நீரைத் தெளித்து, மிச்சத்தைக் கால்படாத செடியின் வேரில் ஊற்றவும்.