டிராக்ஷன் கன்ட்ரோல்: எப்போது வேண்டும், எப்போது அணைக்கலாம்?

மழை நாளில் வண்டியைக் கிளப்பும்போது டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும்: வளைந்த இரண்டு கோடுகளோடு ஒரு குட்டிக் கார் படம். பதற வேண்டாம், வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1. உள்ளே நடப்பது

ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளக்கிறது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது) வைத்த அதே சென்சார்தான். இன்ஜின் ஓட்டும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது தரையைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே இன்ஜின் சக்தியைக் குறைக்கும். பல வண்டிகளில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கும் போடும்.

ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு என்ன லாபம்? இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். சேற்றில் நிற்கும் சக்கரத்தைச் சுற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதனால் எதிர்ப்பக்கம் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும், வண்டி நகராது. சேற்றுச் சக்கரத்தை பிரேக் இறுக்கிப் பிடித்தால், அதைச் சுற்றக் கூடுதல் விசை வேண்டியிருக்கும். அவ்வளவு விசை மறுபக்கத்துக்கும் போய்ச் சேரும், வண்டி கிளம்பும்.

2. தினசரி ஓட்டத்தில்

எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும். பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் செய்ததும் தானாகவே ஆன் ஆகிவிடும். மழையில் பிக்அப் குறைகிறது என்று இதை அணைத்துவிட்டு ஓட்டுவது வம்பை விலைகொடுத்து வாங்குகிற வேலை. கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். அன்றைக்குத்தான் இது மிகவும் தேவை. விளக்கு மினுக்கினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள்.

இன்னொன்று: கார் வேகமெடுக்கும்போது வழுக்குவதைத்தான் இது தடுக்கும். பிரேக் போடும்போது வழுக்கினால் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், வளைவில் வண்டி தடம் விலகினால் இஎஸ்சி என்ற இன்னொரு ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். மொட்டை டயருக்கு மூன்றாலும் உதவ முடியாது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுங்கள்.

3. சேற்றில், மணலில் மாட்டினால்

இங்கேதான் அணைக்கும் சுவிட்சுக்கு வேலை. ஆழமான சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி மேலே ஏறும். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துக்கொண்டே இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

முதலில் ஸ்டியரிங்கை நேராக்குங்கள். டயருக்கு முன்னால் குவிந்த சேற்றைத் தள்ளிவிட்டு, இன்ஜின் ஓட்டும் சக்கரங்களுக்கு அடியில் சரளைக் கல்லோ பழைய மிதியடியோ (கார் மேட்) போடுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக்கூடாது; மிதியடி பறந்து வந்து அடிக்கும். அப்புறம் சுவிட்சை அழுத்துங்கள். சில கார்களில் சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும். 'ஆஃப்' விளக்கு எரிந்ததும் இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சக்கரம் குழி தோண்ட ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள், மிதித்தால் இன்னும் புதையும்.

கெட்டித் தரைக்கு வந்ததும் சுவிட்சை மறுபடி ஆன் செய்யுங்கள்.

4. விளக்கு அணையவே இல்லையா?

சுவிட்சைத் தொடாமலே விளக்கு விடாமல் எரிந்தால் கோளாறுதான். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் சக்கர சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். சேறு அப்பியோ ஒயர் அறுந்தோ இருக்கலாம். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் வேகம் வேண்டாம், சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.