சனிக்கிழமை கோல்ஃப் பந்தயம்: யாருக்கு எத்தனை ஸ்ட்ரோக் கொடுப்பது?

நியூஜெர்சியில் நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமை விடிந்தால் கோல்ஃப், கூடவே 5 டாலர் நாசோ. முதல் ஒன்பது ஹோலுக்கு ஒரு பந்தயம், பின் ஒன்பதுக்கு ஒன்று, மொத்தப் பதினெட்டுக்கு ஒன்று. ஒருவருக்கு ஒருவராக, இரண்டு ஜோடியாக மோதுவோம். எல்லாவற்றிலும் தோற்றால்கூட 15 டாலர்தான் போகும். அந்த 15 டாலருக்காகப் போன கோடையில் இருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, ஸ்ட்ரோக் கணக்கு, அதாவது திறமை குறைந்தவருக்கு எத்தனை அடி சலுகை என்ற கணக்கு, போட்ட நான்தான் தப்புப் பண்ணியிருந்தேன்.

படி 1: எல்லோரும் இண்டெக்ஸ் வாங்குங்கள்

"நான் சுமார் இருபது" என்று வாய்வார்த்தையில் சொல்வதை ஏற்காதீர்கள். இண்டெக்ஸ் (ஹேண்டிகேப் இண்டெக்ஸ்) என்பது ஒருவரின் ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர். மொத்தம் 54 ஹோல் ஆடிய ஸ்கோர் பதிவானாலே இண்டெக்ஸ் கிடைத்துவிடும். பந்தயம் ஆடிய நாளின் ஸ்கோரையும் பதிய வேண்டும். எதிராளி "எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுத்த பட்டுக்கு (குழிக்குள் உருட்டிவிடும் அடி), அநேகமாக என்ன ஆகியிருக்குமோ அதை எழுதுங்கள்.

இண்டெக்ஸ் உங்கள் சராசரி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ வைத்துத்தான் அது வருகிறது. அதனால் பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். "இன்று எனக்கு நாள் சரியில்லை, இரண்டு கூடக் கொடு" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அப்படித்தான்.

படி 2: இண்டெக்ஸை அன்றைய மைதானத்துக்கு மாற்றுங்கள்

நான் விழுந்த குழி இதுதான். கணக்கு இப்படி:

இண்டெக்ஸ் × (ஸ்லோப் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்)

பார் என்பது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக்கணக்கு. ரேட்டிங் என்பது திறமையான ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடிகள்; ஸ்லோப் என்பது சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்று காட்டும் எண். ஸ்லோப், ரேட்டிங் இரண்டும் ஸ்கோர்கார்டிலேயே இருக்கும், ஒவ்வொரு டீக்கும் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) தனித்தனியாக. நான் முதல் பாதியை மட்டும் போட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டாவது பாதியை "சின்ன வித்தியாசம்தானே" என்று விட்டுவிட்டேன். எல்லோரும் ஒரே டீயில் ஆடும்வரை அது உறைக்கவில்லை. எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், முழங்கால் வலியால் குழிக்குப் பக்கமான முன் டீக்கு மாறினார். அதற்கப்புறம் மூன்று வாரம் தொடர்ந்து அவருக்கே காசு.

எண்களைப் பாருங்கள். பார் 72. எங்கள் டீயில் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128. முன் டீயில் 67.1, 118. அண்ணன் இண்டெக்ஸ் 24.5, அவரோடு மோதிய நண்பருக்கு 9.6.

என் அரைகுறைக் கணக்கில் அண்ணனுக்கு 26, நண்பருக்கு 11. அண்ணனுக்கு 15 ஸ்ட்ரோக் கொடுத்தேன். முழுக் கணக்கில் அண்ணனுக்கு 25.6-இல் 4.9 கழிந்து 21, நண்பருக்கு 10.9-இல் 0.8 கழிந்து 10. கொடுத்திருக்க வேண்டியது 11! அண்ணன் பழைய டீயிலேயே ஆடியிருந்தால் 27, அதாவது 17 ஸ்ட்ரோக் கிடைத்திருக்கும். முன்னால் போன வசதிக்கு ஆறு ஸ்ட்ரோக் விலை. நண்பர் இதை அண்ணனின் தில்லுமுல்லு என்றார், அண்ணனுக்குக் கோபம் வந்தது, அப்புறம் இரண்டு வாரம் மௌனம். கடைசியில் நான்தான் இருவருக்கும் காலை டிபன் வாங்கிக்கொடுத்தேன்.

ஹேண்டிகேப் செயலியில் டீயைத் தேர்ந்தெடுத்தால் இதை அதுவே போட்டுவிடும். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் யாராவது டீ மாறும்போது கேள்வி கேட்கத் தோன்றும்.

படி 3: வித்தியாசத்தைக் கார்டில் புள்ளி வையுங்கள்

இருவரில் குறைந்தவர் பூஜ்யம்; மற்றவருக்கு வித்தியாசம் முழுவதும். 11 என்றால் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் தந்திருக்கும் 1 முதல் 18 வரையான வரிசை எண்) 1 முதல் 11 வரை உள்ள ஹோல்களில் ஒவ்வொன்று. முதல் டீயிலேயே, பென்சிலால், எல்லோர் கண்முன்னும் வையுங்கள். பந்தயக் கணக்குக்கென்றே வரும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சைப்புல்லில் நின்று ஃபோனைத் தேய்ப்பதைவிடக் காகிதமே மேல்.

இருவர் இருவராக அணி சேர்ந்து, ஒவ்வொரு ஹோலிலும் நல்ல பந்தை மட்டும் எண்ணும் மேட்ச் என்றால், நால்வருக்கும் படி 2-இல் வந்த எண்ணில் 90 சதவீதம் போட்டுவிட்டு அப்புறம் குறைந்தவரைக் கழியுங்கள். ஹேண்டிகேப் கூடியவர் ஸ்கோர் ஏறி இறங்கும். மோசமான ஹோலைக் கூட்டாளி மறைத்துவிடுவார், பிரமாதமான ஹோல் மட்டும் கணக்கில் நிற்கும். அதற்குத்தான் இந்தக் குறைப்பு.

பின்சேர்க்கை: ஒற்றைப்படை வித்தியாசத்தில் முன் ஒன்பதுக்குக் கூடுதலாக ஒன்று விழுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. எங்கள் கார்டில் ஒற்றைப்படை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் எல்லாம் முன் ஒன்பதில் இருப்பதால் 11 என்பது 6-5 ஆகப் பிரிகிறது. நாசோவில் ஒவ்வொரு பாதியும் தனிப் பந்தயம் என்பதால் இது உறுத்தத்தான் செய்யும். இப்போது நாங்கள் அந்தக் கடைசி ஸ்ட்ரோக்கை ஒரு வாரம் முன்னாலும் மறுவாரம் பின்னாலும் வைக்கிறோம். விதிப்புத்தகத்தில் இது கிடையாது, எங்கள் நால்வருக்குள் ஒப்பந்தம்.

இன்னொருவர் ஸ்கின்ஸ் (ஒவ்வொரு ஹோலுக்கும் தனிப் பந்தயம்; சமனானால் அடுத்த ஹோலோடு சேரும்) பற்றிக் கேட்டார். அதில் நாங்கள் பாதி ஸ்ட்ரோக்தான் கொடுக்கிறோம். முழுசாகக் கொடுத்த ஒரே நாளில், புள்ளி வைத்த ஹோலில் அண்ணன் தற்செயலாக ஒரு பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) போட்டார். நெட்டில், அதாவது ஸ்ட்ரோக்கைக் கழித்தால், அது ஈகிள் (பாரைவிட இரண்டு குறைவு). சேர்ந்திருந்த ஐந்து ஸ்கின்னும் ஒரே ஹோலில் அவர் பைக்குள் போயிற்று.