கோவாவை அதன் ஊர்களின் வழியே அறிந்துகொள்வது எப்படி

கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கோவா பிடிபடுவதில்லை. 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட அம்மாநிலத்தின் பண்பாட்டை உணர விரும்புவோர், கிளம்பும் முன்பே அதன் அண்மை வரலாற்றைச் சற்றுப் படித்துவிட வேண்டும். சுமார் 450 ஆண்டுகள் நீடித்த போர்த்துக்கீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19 அன்று முடிவுக்கு வந்தது. மகாராஷ்டிரத்துடன் இணைவதா, தனித்து நிற்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று நடந்த வாக்கெடுப்பில், சுமார் 34,000 வாக்குகள் வித்தியாசத்தில் தனித்து நிற்பதையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். கொங்கணி ஆட்சிமொழியானதும் மாநிலத் தகுதி கிடைத்ததும் 1987-இல்தான். எனவே கோவாக்காரர்களைப் பாதிப் போர்த்துக்கீசியர் என்றோ மராத்தியரின் ஒரு கிளை என்றோ எண்ணிப் பேசாதிருப்பதே அவர்களுக்குத் தரும் முதல் மரியாதை.

தங்குமிடத்தைக் கடற்கரை விடுதிகளிலிருந்து விலக்கி, உள்ளூர்க் குடும்பம் நடத்தும் வீட்டில் அமைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரப்பர் ஹாரனை அமுக்கியபடி சைக்கிளில் 'பொதெர்' எனப்படும் ரொட்டிக்காரர் வருவார். பின்னால் கட்டிய மூங்கில் கூடையிலிருந்து, தவிடு தூவிய, உள்ளே கூடாக உப்பியிருக்கும் 'பொய்' ரொட்டியைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். ரொட்டி போர்த்துக்கீசியரோடு வந்தது. அன்றாட மதிய உணவோ இன்றும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் சோறும்தான்.

கோவா முழுவதும் கிறித்தவ நாடு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்துக்கள். ஆகவே போண்டா வட்டாரத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டில் கோயில்கள் இடிக்கப்பட்டபோது, அன்று போர்த்துக்கீசியர் கைக்கு எட்டாதிருந்த இந்தப் பகுதிக்குத்தான் மங்கேஷ், சாந்தாதுர்க்கை முதலிய தெய்வங்களை அடியார்கள் ஆற்றைக் கடந்து எடுத்து வந்தார்கள். அக்கோயில்களின் முன் நிற்கும் அடுக்கடுக்கான தீபத் தூண்களைப் பார்த்தபின் 'பழைய கோவா' என்னும் ஊரின் தேவாலயங்களுக்குச் செல்வது நல்லது; இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் அந்த மண் பட்ட பாடு விளங்கும்.

காலம் உங்கள் விருப்பம் என்றால் மழைக்காலத்தையே நான் சொல்வேன். ஜூன் 24 அன்று, புனித யோவான் திருநாளில், கிறித்தவ இளைஞர்கள் பூமுடி சூடிக் கிணறுகளில் குதிப்பார்கள். விநாயக சதுர்த்தியின்போது பிள்ளையாருக்கு மேலே கட்டும் 'மாட்டோளி' என்ற மரச்சட்டத்தில் பாக்குக் குலையும் காட்டுப் பழங்களும் மூலிகைக் கொடிகளும் தொங்கும். அழைத்தால் மட்டும் வீட்டுக்குள் செல்லுங்கள். அனுமதி கேட்ட பிறகே படம் எடுங்கள்.

மொழி புரியாவிட்டாலும் 'தியாத்ர்' நாடகம் ஒன்றைக் காணாமல் திரும்ப வேண்டாம். 1892-இல் மும்பையில் புலம்பெயர்ந்த கோவாக்காரர்களிடையே தொடங்கிய இக்கலையில், காட்சிகளுக்கு நடுவே கதையோடு தொடர்பற்ற பாடல்கள் வரும். அவற்றில் பல அன்றைய அரசியலைச் சாடும். மட்காவ் நகரின் ரவீந்திர பவனில் நிகழ்ச்சி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து, கொங்கணி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், பாட்டுக்குப் பாட்டு பொருள் கேட்டுக்கொள்ளலாம்.